அம்மா சேர்த்துவைத்த வங்காளம்

டாக்காவில் தோல் வியாபாரம் பார்த்தவருக்கு என் அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது டாக்கா நம் தேசத்தில்தான் இருந்தது. நாற்பத்தேழில் அது பாகிஸ்தானாகிவிட்டது. விருதுநகரில் அம்மாவும் நானும் தபால்காரரின் சைக்கிளையே பார்த்துக் கிடந்தோம்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் சிவகாசித் தீப்பெட்டிக்கு ஆர்டர் பிடிக்கக் கல்கத்தா போய்வருவார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை, "இந்தத் தடவ உங்கம்மாவையும் கூட்டிப் போறேன், அங்கன இருந்து டாக்கா பக்கந்தான்" என்றார். அப்போது பாஸ்போர்ட் கெடுபிடி கிடையாது. அம்மா பலகாரம் சுட ஆரம்பித்தாள்.

அன்றைக்குப் பார்த்தா நான் சரித்திரப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படிக்க வேண்டும்! மாகாணம் பெரிது, நிர்வாகம் கஷ்டம் என்று வெள்ளைக்காரன் 1905இல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தான். ஜனங்கள் எதிர்த்ததால் ஆறே வருடத்தில் சேர்த்துவிட்டான். அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

"டாக்கா இருக்க சீமையா அது?"

"ஆமாம்மா."

"இன்னொருக்கா படி."

படித்தேன். பயணத்தை அம்மா நிறுத்திவிட்டாள். "வெள்ளக்காரன் பிரிச்சதே ஆறு வருசத்துல ஒண்ணாயிருச்சு. இது எம்புட்டு நாளைக்கு நிக்கும்? எம்மகளே வந்துருவா, எதுக்கு அலைச்சல்?"

"உங்கம்மாவ டில்லிக்கு மந்திரியா அனுப்பணும்" என்று அத்தா சிரித்தார். எனக்கும் சந்தோஷம்தான். அக்கா வந்தால் என் பக்கத்தில் படுப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பாஸ்போர்ட், விசா வந்தது. ஆறு வருடம் முடிந்தது. "முன்னப்பின்ன ஆகத்தான் செய்யும்" என்றாள் அம்மா. அத்தா மவுத்தாகி அடக்கமானபோதும் அக்காவால் வர முடியவில்லை.

ஆசிரியப் பயிற்சியில்தான் மீதியைப் படித்தேன். நிர்வாகம் என்றது வெறும் சாக்கு. ஒன்றாக இருந்த வங்காளம் அரசாங்கத்தை எதிர்த்தது. கிழக்கே முஸ்லிம்கள், மேற்கே இந்துக்கள் என்று பிரித்தால் அந்தப் பலம் உடையும் என்று அதிகாரிகளே தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள், பாவிகள். ஆனாலும் அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்து கடிதமும் நின்றது. ஒரு மத்தியானம் அம்மா என்னிடம் கேட்டாள்: "ஏத்தா, அந்த வெள்ளக்காரன் மொதல்ல எதுக்குத்தான் பிரிச்சான்?"

"இந்துவும் முஸ்லிமும் ஒண்ணா நிக்கக் கூடாதுன்னும்மா."

அம்மா தபால்காரரின் சைக்கிள் வரும் தெருவைப் பார்த்தாள்.

"இத அன்னைக்கே படிச்சிருந்தீன்னா, இந்தப் பிரிவு ஒட்டாதுன்னு தெரிஞ்சு நான் போயி எம்மகளப் பாத்துட்டு வந்திருப்பேனே" என்றாள்.