இரும்புக்கையும் கேசட்டின் மறுபக்கமும்

துபாயிலிருந்த வாப்பா கடிதம் எழுதுபவரல்லர், பேசி அனுப்புபவர். ஊர் திரும்புவோர் யாரிடமேனும் கேசட் ஒன்றைக் கொடுத்துவிடுவார். அதன் முதற்பக்கத்தைக் கூடத்தில் அமர்ந்து எல்லோரும் கேட்போம். மறுபக்கத்தை உம்மா மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார். அதில் என்ன இருக்கிறதென்று ஒருமுறை வினவினேன். "அந்தப் பக்கத்துல ஒண்ணுமில்ல புள்ள" என்றார். நான் நம்பினேன்.

அத்தகைய கேசட் ஒன்றில்தான் வாப்பா அவ்வூர் விளையாட்டு இயந்திரம் ஒன்றை வருணித்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைக் குவியல். மேலிருந்து இறங்கும் இரும்புக்கை பொம்மை ஒன்றைப் பற்றித் தூக்கும். பெரும்பாலும் பாதிவழியில் நழுவவிடும். ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளும் பற்சக்கரங்களும் சிறு மோட்டாரும் அடங்கிய பெட்டி ஒன்றும் அக்கேசட்டோடு எனக்கு வந்தது. அப்போது எனக்கு வயது பத்து. நோன்புப் பெருநாளுக்கு மாமா பிள்ளைகள் காயல்பட்டினம் வருவதற்குள் அவ்வியந்திரத்தைக் கட்டிவிடத் தீர்மானித்தேன்.

தூண்கள் எழுந்தன. நூலில் தொங்கிய கை ஒழுங்காக இறங்கியது. மிட்டாயைப் பற்றியதும் ஏற மறுத்தது. மோட்டாருக்கு வலுவூட்ட எண்ணி மேலும் இரண்டு பேட்டரிகளை இணைத்தேன். கருகிய நாற்றம் வந்தது. பெருநாளுக்கு இரண்டே நாள். அலமாரியில் டேப் ரெக்கார்டர் இருந்தது. அதன் திருகுகளைக் கழற்றி, கம்பிகளைக் கத்தரிக்கோலால் நறுக்கி, மோட்டாரை எடுத்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாயினும், அது மிக நன்றாக உழைத்தது.

பெருநாளன்று பிள்ளைகள் வரிசையில் நின்றனர். முதல் மிட்டாய் நழுவியதும் மாமா மகன், "கை வெறுங்கையா வருதே. இதுக்கு இன்னும் நோன்பு முடியலயா?" என்றான். அடுத்த முறை கை மிட்டாயை விடாமல் தூக்கி வந்தது. அவனே மறுபடியும் வரிசையில் போய் நின்றான். அன்றடைந்த பெருமையைப் பிற்காலத்தில் நான் பெற்ற பட்டமும் தரவில்லை.

அந்நேரம் பார்த்துப் புதிய கேசட் வந்து சேர்ந்தது. உம்மா அலமாரியைத் திறந்தார். பிறகு கூடத்துக்கு வந்து, ஏறியிறங்கும் கையைச் சற்றுநேரம் பார்த்தபடி நின்றார். நான் அடிக்குத் தயாரானேன்.

"இப்பமே கழத்திரட்டுமா உம்மா?"

"வேண்டாம். பிள்ளையள் விளையாடுது. பைய கழத்து."

மாலையில் கழற்றினேன். நறுக்கிய கம்பிகளை மீண்டும் இணைக்க எனக்குத் தெரியவில்லை. பழுதுபார்க்கும் கடையோ பெருநாளை முன்னிட்டு ஐந்து நாள் மூடியிருந்தது. அடுத்த வீட்டு மாமி தம் வீட்டில் வந்து கேட்கும்படி வலிய அழைத்தார். உம்மா போகவில்லை; என்னை அனுப்பினார். முதற்பக்கம் முடிந்ததும் கேசட்டை எடுத்து வந்துவிட வேண்டும் என்பது கட்டளை. கேட்டதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். உம்மா கேட்டது வேறு.

"குரல் எப்படி இருந்துச்சு? இருமுனாவளா?"

அதை நான் கவனிக்கவில்லை.

முதற்பக்கச் செய்தியெல்லாம் வந்துவிட்ட பின்னும் கேசட் ஐந்து நாளும் உம்மாவின் தலையணையடியில் கிடந்தது ஏனென்று எனக்கு விளங்கவில்லை. ஆறாம் நாள் டேப் ரெக்கார்டர் வந்தது. உம்மா அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நின்றிருந்த எனக்கு, நாடா பின்னோக்கிச் சுழலும் ஓசை மூன்று முறை கேட்டது. பழுதுபார்த்த மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று உம்மா சோதித்துப்பார்க்கிறார் என்றே எண்ணிக்கொண்டு, நிம்மதியாக விளையாடப் போனேன்.