ஒரு லெந்த் கூடப் போடு

சின்னமனூரில் பம்புசெட்டு மெக்கானிக்காக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று யார் வந்து நின்றாலும் நான் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "ஒரு லெந்த் கூடப் போடுங்க." லெந்த் என்றால் முழு நீளக் குழாய். ஆழம் கூடக் கூட நிம்மதி. இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே வீடு கட்டிய மெக்கானிக்குகள் எங்கள் பக்கம் உண்டு. நான் வீடு கட்டவில்லை. என் அக்காவின் காதைக் கெடுத்தேன்.

அக்காவை வைகை அணைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சானுக்கு அணையில் மீன் பிடிக்கிற வேலை. எல்லாரும் பரிசலில் போய்வந்தபோது மச்சானுக்கு மட்டும் அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. கடற்கரைப் பக்கம் போய் ஒரு பழைய ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். படகுதான் வந்தது, இன்ஜின் வரவில்லை. "மாப்ள, நீ இருக்கையில எனக்கென்ன கவல?" என்றார். அந்தப் பேச்சில் குளிர்ந்துபோய், யாரோ தோட்டத்தில் கழற்றிப்போட்ட ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினைத் தூக்கிப் படகுக்குள் உட்காரவைத்தேன். பின்பக்கம் அடியில் ஓட்டை போட்டு, ராடு விட்டு, முனையில் தண்ணீரைத் தள்ளுகிற காற்றாடி மாட்டினேன். படகு ஓடியது. ஓடுகிறது என்பது ஆண்டிபட்டி வரைக்கும் தெரிந்தது.

பத்து வருடம் அதில்தான் இரண்டு பேரும் மீன் பிடித்தார்கள். மச்சான் படகை ஓட்டுவார், அக்கா இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலை விடுவாள். அந்தச் சத்தத்திலும் அவள் ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். மச்சான் "சரி, சரி" என்று தலையாட்டுவார். ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. இப்படி ஒத்துப்போகிற புருஷன் பெண்டாட்டியை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா என்று என் மனைவியிடம் நான் பலமுறை உதாரணம் காட்டியிருக்கிறேன். வலைதான் அடிக்கடி கிழியும். கண்ணேறு என்று மச்சான் படகு முனையில் ஒரு பூசணிக்காய் பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டார். நாக்கைத் துருத்திக்கொண்டு அதுவும் கூடவே மீன் பிடிக்கப் போய்வந்தது.

போன வருடம் அக்காவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காமல் போனது. இன்ஜின் பக்கம் இருந்த காது. இந்தச் சத்தத்திலேயே இருந்தால் வலது காதும் போய்விடும் என்று தேனியில் டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து ஒரே பேச்சாகச் சொன்னாள்: "அந்த இன்ஜின் பேய் படகுல இருக்கிற வரைக்கும் நான் ஏற மாட்டேன். மில்லு வேலைக்குப் போறேன்." மில்லுச் சத்தம் இதற்கு அப்பன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

மச்சான் மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் சின்னமனூர் வந்து என் பட்டறையில் உட்கார்ந்துவிட்டார். கொடுத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. "கூலிக்கு ஆளப் பிடிச்சுக்கிறலாம் மாப்ள. ஆனா அவ இல்லாம எனக்குத் தண்ணிக்குள்ள போகப் புடிக்கல. அவ வரலைன்னா படக வித்துப்புடுவேன்" என்றார். பெரிய மீசைக்காரர், அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பேயைப் படகில் ஏற்றியவன் நான்தானே. நானே இறக்குகிறேன் என்று சொன்னேன்.

படகுக்கு வெளியே, பின்பலகையில் தொங்குகிற பெட்ரோல் மோட்டார் மாட்டினால் சத்தம் பாதிகூட வராது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மலையேறிக் குமுளி வழியாகக் கேரளாவுக்குள் இறங்கி, காயலோரம் ஒரு கடையில் இரண்டு பழைய மோட்டார்களைப் பிடித்தோம். ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று இருக்கட்டும் என்பது பம்புசெட்டுக்காரன் புத்தி. கடைக்காரர் ஷார்ட்டா, லாங்கா என்று கேட்டார். காற்றாடிக்குப் போகிற கால் குட்டையா நெட்டையா என்று அர்த்தம். இருபது வருடத்து வாய், யோசிக்காமல் பதில் சொன்னது: "லாங்கே குடுங்க." மச்சான் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

அணைக் கரையில் மூன்று நாள் வேலை நடந்தது. செயின் பிளாக் கட்டி டீசல் இன்ஜினைத் தூக்கினோம். ராடு போன ஓட்டையை உள்ளேயும் வெளியேயும் ஃபைபர் ஒட்டி அடைத்தேன். பின்பலகைக்கு உள்பக்கம் கனமான பலகை கொடுத்து போல்ட் போட்டு மோட்டார் இரண்டையும் மாட்டினேன். பூஜை என்று வந்தபோது ஒரு சிக்கல். எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்துக்கு அடியில் வைப்பது? காற்றாடிக்கு வைக்கலாம் என்றார் மச்சான். வைத்தால் மிதந்து போகும் என்றேன். கடைசியில் கையாலேயே பிழிந்து மோட்டார் தலையில் விட்டார். சூடத்தை பெட்ரோல் டப்பாவுக்குப் பக்கத்தில் ஏற்றப் போனவரை அக்காதான் கரையிலிருந்து கத்தி நிறுத்தினாள். கடவுள் பாதி, அக்கா பாதி என்று உயிர் பிழைத்தோம்.

மச்சான் கயிற்றை இழுத்தார். இரண்டு மோட்டாரும் அழகாக முனகின. படகு நாலடி நகர்ந்தது. அப்புறம் தரையில் கொத்திக்கொண்டு நின்றது. கிணற்றில் நூறடி ஆழம் எனக்குப் பழக்கம். கோடையில் அணை ஓரத்தில் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. நெட்டைக் கால்கள் இரண்டும் சேற்றுக்குள் இறங்கி மண்ணை வாரி அடித்தன. பரிசலில் போன ஒருவர் துடுப்பை நிறுத்தி, "என்ன மச்சினனும் மச்சானும் அணைய உழுகுறீகளா? நெல்லா, சோளமா?" என்று கேட்டார். அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். மச்சான் அவள் போகிற திசையையே பார்த்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். அன்றைக்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கடைக்காரருக்கு போன் போட்டேன். "ஞான் சோதிச்சதல்லே, ஷார்ட்டோ லாங்கோன்னு?" என்றார். கேட்டேன் என்பதைத்தான் அவர்கள் சோதிச்சு என்பார்கள். அவர் கேட்டாயிற்று, சோதனை எனக்கு வந்தது. ஆனாலும் நல்ல மனுஷன், வழி சொன்னார். மோட்டார் காலைக் குட்டையாக்க முடியாது, பலகையை உயர்த்து. உள்ளே போவதை நீட்டியே பழகியவன் முதல்முறையாக மேலே தூக்கினேன். பலா மரக் கட்டை ஒன்றை அறுத்து, பின்பலகைக்கு மேல் அஞ்சு இஞ்ச் உயரம் கூட்டி, அதில் மோட்டார்களை மாட்டினேன். ஓரம் தாண்டுகிற வரைக்கும் துடுப்பு, அப்புறம்தான் மோட்டார் என்று மச்சானிடம் சத்தியம் வாங்கினேன்.

அக்காவைக் கூப்பிட அவருக்குத் தைரியம் இல்லை. நான்தான் போனேன். "ஒரே ஒரு தடவ வாக்கா" என்றேன்.

"ஏலே, ஒரு தடவதான். காது வலிச்சுச்சுன்னா நேரா மில்லுதான். அப்பறம் யாரும் வந்து எங்கிட்ட நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஏறினாள். இன்ஜின் இருந்த இடத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் முன்பக்கம் பூசணிக்காய் பொம்மைக்குத் துணையாக உட்கார்ந்தேன். ஆழத்துக்கு வந்ததும் மச்சான் மோட்டாரைப் போட்டார். படகு போனது. தண்ணீர் படகில் அடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. மேகமலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டிருந்தது. நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் காதில் கையை வைக்கவில்லை.

வழக்கமாக வலை போடுகிற இடத்துக்கு மச்சான் படகைத் திருப்பினார். அக்கா சாதாரணமாக, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்: "அங்கன போடாதிக. அடியில கருவேலங்கட்டை கெடக்கு, வலை கிழியும்."

மச்சான் திரும்பிப் பார்த்தார். "இத முன்னமே சொல்லக் கூடாதா?"

"பத்து வருசமாச் சொல்றேன். நீங்களும் சரி சரின்னு தலைய ஆட்டிட்டு அங்கனயேதான போடுறீக."

எனக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த பொம்மையைப் பார்த்தேன். பாவம், செய்யாத குற்றத்துக்குப் பத்து வருடம் நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் நான் காட்டிய உதாரணங்களும் ஞாபகத்துக்கு வந்தன. என் மனைவியிடம் இதைச் சொல்வதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

மச்சான் ஒரு மோட்டாரை நிறுத்தினார். அப்புறம் இன்னொன்றையும் நிறுத்தினார். என் தொழிலில் மோட்டார் நின்றதற்கு யாரும் என்னைத் திட்டாத நாள் அது ஒன்றுதான். படகு தானாக மெதுவாகச் சுற்றியது.

"வேற என்னென்ன சொன்ன?" என்று கேட்டார்.

அக்கா சாக்கில் நகர்ந்து உட்கார்ந்து, தன் வலது பக்கம் இடம் விட்டாள்.

"மொதல்ல இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றாள். "அந்தக் காது கேக்காது."