ஜெர்மனிக்கு ரெண்டு பேர், ஹட்யாய்க்கு ஒரு வேன்

போன மாதம் ஒரு வாட்ஸ்ஆப் குரூப்பை விட்டு வெளியேறினேன்.

சும்மா இல்லை, கோபித்துக்கொண்டு. யாராவது 'என்னாச்சு அங்கிள்?' என்று கேட்பார்கள், நாலு வார்த்தை சூடாகக் கொடுக்கலாம் என்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிக்கப் போனபோதும் கூடவே எடுத்துப் போனேன் என்றால் பாருங்கள்.

ஒருவரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் குரூப்பை விட்டுப் போனால் அட்மினுக்கு மட்டும்தான் தெரியுமாம். அந்த அட்மினும் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டு போனவனுக்கு, போனது யாருக்குமே தெரியவில்லை என்பதைவிட அவமானம் உண்டா?

குரூப்பின் பெயர் 'ஜெர்மனி டிரிப்'. ஆரம்பித்தபோது அதில் இரண்டே பேர். நானும் குணாவும்.

குணா என் பள்ளிக்கூடத்து நண்பன். கிள்ளான்காரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவன். சனிக்கிழமை காலையில் கிள்ளானிலிருந்து ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்து வருவான். என் ஃபிளாட்டுக்குக் கீழே ஒரு கடை. அங்கே சேர்ந்து பசியாறுவோம். அவனுக்குத் தோசை, எனக்கு இட்லி. மத்தியானத்துக்குள் அவன் வீட்டிலிருந்து போன் வந்துவிடும், கிளம்பிவிடுவான். அதற்குப் பிறகு அடுத்த சனிக்கிழமை வரைக்கும் நான் பேசுவது பெரும்பாலும் லிஃப்ட்டில் வருபவர்களோடுதான். "எந்த மாடி?" என்பதைப் பேச்சு என்று சொல்லலாமென்றால்.

நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. காரணம் கேட்காதீர்கள், எனக்கே மறந்துவிட்டது.

இந்த வருட ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை. சாம்பாரைத் தோசை மேல் ஊற்றிக்கொண்டே குணா சொன்னான்:

"டேய், ஜெர்மன் போலாமா? நீயும் நானும். ஒரு வாரம்தான் லா."

அவன் ஓட்டிய முதல் கிரேனின் கேபினில், கண்ணுக்கு நேராக ஒரு சின்னத் தகடு இருந்ததாம். அதில் 'ஹாம்பர்க்' என்று எழுதியிருக்குமாம். வேலை செய்த காலமெல்லாம் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டே கன்டெய்னர் இறக்கியிருக்கிறான். அந்த ஊர்த் துறைமுகத்தை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்றான். விசாகூட வேண்டாம், நம்முடைய பாஸ்போர்ட் போதும் என்றும் விசாரித்து வைத்திருந்தான்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஜெர்மனி பெரிசில்லை. குணா இங்கே பக்கத்திலிருக்கிற ஈப்போ என்று சொல்லியிருந்தாலும் பத்திரிகைக்கு இதே பத்தியைத்தான் எழுதிக்கொண்டிருப்பேன். 'போலாமா?' என்று ஒருத்தன் என்னைப் பார்த்துக் கேட்டான் பாருங்கள்... அதுதான். என்னை யாராவது அப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அன்றைக்குப் படியேறும்போது யோசித்துப் பார்த்தேன். லிஃப்ட் இருக்கிறது. ஆனாலும் படியில் ஏறினேன். அவ்வளவு சந்தோஷம்.

மூன்று சனிக்கிழமை நன்றாகப் போயிற்று. எந்த ரயில், எந்த ஓட்டல், இரண்டு கட்டில் இருக்கிற அறையா, குளிருக்கு உள்ளே என்ன போடுவது, வெளியே என்ன போடுவது — தோசை ஆறியதே தெரியாமல் பேசினோம். சனிக்கிழமை முடிந்தாலும் வாரம் முழுக்க எனக்குப் பேச்சு இருந்தது. நான் ஹாம்பர்க்கின் வானிலையை அனுப்புவேன், அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்புறம் குணா ஒரு தப்புப் பண்ணினான்.

வீட்டில் சொல்லிவிட்டான்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு இல்லையா? ஒருத்தர் பயணம் போகிறார் என்று தெரிந்தால் 'நல்லபடியா போயிட்டு வாங்க' என்று சொல்லமாட்டார்கள். 'வேன்ல இடம் இருக்கா?' என்றுதான் கேட்பார்கள். ஜெர்மனிக்கு வேன் போகாது என்பதெல்லாம் அப்புறம்.

முதலில் குணாவின் மனைவி மல்லிகா குரூப்பில் வந்தாள். நியாயம்தான், மனைவி. அடுத்து மகள் ஷாமினி வந்தாள். "அப்பாக்கு ஒன்னும் தெரியாது அங்கிள், நான் அட்மினா இருக்கேன்" என்று பொறுப்பை எடுத்துக்கொண்டாள். மருமகன், பேரப்பிள்ளைகள், பந்திங்கிலிருந்து மல்லிகாவின் தம்பி, அவர் குடும்பம், சுங்கை பூலோவிலிருந்து ஒரு சித்தி... அந்தச் சித்தி தினமும் காலையில் ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' போடுவார். இன்றுவரை அவர் முகம் எனக்குத் தெரியாது.

பிறகு கேள்விகள் கிளம்பின. அங்கே சோறு கிடைக்குமா? ரைஸ் குக்கர் கொண்டு போனால் பிளக் பொருந்துமா? புரட்டாசியில் சைவத்துக்கு என்ன செய்வது? பிள்ளைகளுக்கு லீவு எப்போது? இரண்டு நாள் விவாதம் நடந்தது. நான் ஹாம்பர்க் துறைமுகத்தின் படம் ஒன்றை அனுப்பினேன். அதற்குக் கீழே பந்திங் மச்சானின் குரல் வந்து விழுந்தது.

"ஜெர்மன்ல என்னா மாமா இருக்கு? குளிரு, ரொட்டி. ஹட்யாய் போனா வேன எடுத்தமா, சாப்டமா, சாமான் வாங்கனமா, வந்தமான்னு இருக்கும் லா."

பதினோரு கட்டைவிரல்கள் எழும்பின. அதில் ஒன்று குணாவுடையது.

ஆக, ஜெர்மனி தாய்லாந்து பார்டரைத் தாண்டின கையோடு ஹட்யாயில் நின்றுவிட்டது. குரூப்பின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. அன்றைக்குத்தான் வெளியேறினேன்.

சனிக்கிழமை குணா வழக்கம்போல வந்தான். தோசை சொன்னான்.

"என்னா, குரூப்ல பேசவே மாட்ற?"

"நான் குரூப்லயே இல்லடா."

போனை எடுத்துப் பார்த்தான். மேலே தள்ளினான், கீழே தள்ளினான். அவன் முகம் மாறிவிட்டது.

"எப்படா போன?"

"செவ்வாக்கிழமையே."

தோசையைப் பிய்த்தான், சாப்பிடவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான். "கோவப்படாம கேளு. எனக்குப் பயமா இருந்துச்சுடா. ஒரு வாரம், ரூம்ல ரெண்டே பேரு... எங்க வீட்ல டிவி ஓடணும், யாராச்சும் கத்தணும், அப்பதான் எனக்குத் தூக்கம் வரும். சத்தமே இல்லாம நான் இருந்ததே இல்ல."

"அப்ப ஏண்டா என்னக் கேட்ட?"

"நீ தனியா இருக்கியேன்னுதான்."

கையிலெடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் மூன்று வாரமாக நான் கூட்டாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனோ ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனைப் பார்க்க ஆரஞ்சு வாங்கி வருகிற மாதிரி வந்திருக்கிறான். வலித்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, வலித்தது.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கூட்டத்தில் பிறந்து, கூட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நாலு பேர் என்றாலே வீடு வெறிச்சென்று இருக்கும். எனக்கோ இரண்டு பேர் என்றாலே திருவிழா. அந்தத் திருவிழாவுக்குத்தான் நான் புதுச் சட்டை எடுத்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் வீம்பாகத் தெருமுனை டிராவல்ஸுக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே அந்தப் பெண் கேட்டாள், "எத்தனை பேரு அங்கிள்?"

"ஒருத்தர்."

"ஆன்டி வரலையா?"

"ஆன்டி என் வாழ்க்கைக்கே இன்னும் வரலம்மா."

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஹாம்பர்க்குக்கு ஒரே ஒரு டிக்கெட் அச்சாகி வந்தது.

கிளம்புகிற நாளையும் நேரத்தையும் குணாவிடம் சொன்னேன், அவ்வளவுதான். ஃபிளாட்டுக்கு எதிரே சென்ட்ரல், அங்கே ஏர்போர்ட் ரயில். பெட்டியை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினால் வேலை முடிந்தது. வழியனுப்ப வேன் வேனாக ஏர்போர்ட்டுக்கு வந்து, ஒரு ஆளைச் சுற்றி நின்று கொண்டு வழியை அடைக்கிற குடும்பங்களை இதே பத்தியில் நான் கிண்டல் அடித்திருக்கிறேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

ஏர்போர்ட்டில் பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்புகிறேன்... வழியை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கிறது. குணா குடும்பம். ஹட்யாய்க்குப் பேசிவைத்த அதே வேனில், பந்திங் மச்சான் உட்பட அத்தனை பேரும்.

மல்லிகா என் நெற்றியில் திருநீறு பூசினாள். "அண்ணே, புளிச்சோறு, நெத்திலி சம்பல். ஏறுறதுக்குள்ள சாப்ட்ருங்க" என்று ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். ஒரு பேரப்பிள்ளை என் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. காவலுக்கு நின்ற மலாய்க்காரர் வந்து, இதில் யார் போவது என்று கேட்டார். எல்லா விரலும் என்னைக் காட்டின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிண்டல் அடித்ததெல்லாம் வாபஸ்.

குணா மட்டும் ஓரமாக நின்றான். கடைசியில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தத் துறைமுகத்துல கிரேன் இருக்கும்டா. ஒரு படம் எடுத்து அனுப்பு."

"சரி" என்றேன்.

"சரி சரி, எல்லாரும் சேர்ந்து நில்லுங்க, படம் எடுக்கலாம்" என்றாள் ஷாமினி. சொல்லிக்கொண்டே அவள் போனை என் கையில் கொடுத்தாள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். குணா வீட்டு விசேஷங்களில் படம் எடுப்பது எப்போதும் நான்தான். யாரும் நியமிக்கவில்லை, அதுவாக அமைந்தது. மற்றவர்கள் மனைவி பக்கத்தில், பிள்ளை பக்கத்தில் போய் நின்றுவிடுவார்கள். மிச்சம் நிற்கிறவன் கைக்குத்தானே கேமரா வரும்?

பழக்கதோஷம். அவளும் யோசிக்காமல் கொடுத்தாள், நானும் யோசிக்காமல் வாங்கினேன்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க, வேன் டிரைவர் தெரியல" என்றாள் மல்லிகா. போனேன். இன்னும் கொஞ்சம் போனேன். எல்லோரும் வந்துவிட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு, கையசைத்துவிட்டு உள்ளே போனேன்.

விமானத்தில் சீட் பெல்ட் போட்டபிறகு போன் அதிர்ந்தது. ஷாமினி என்னை மறுபடியும் குரூப்பில் சேர்த்திருந்தாள். குரூப்பின் பெயர் இப்போது 'ஹட்யாய் கேங்'. முதல் வேலையாக அந்தப் படத்தைப் போட்டிருந்தாள். 'ஜெர்மனி அங்கிளுக்கு பாய் பாய்.' வரிசையாக இதயங்கள் விழுந்துகொண்டிருந்தன. படம் தெளிவாக வந்திருந்தது. பேரப்பிள்ளைகள் முன்னால், சித்தி என்று நான் ஊகித்த ஒருவர் நடுவில், வேன் டிரைவர் ஓரத்தில்.

பிரயாணம் போகிறவன் மட்டும் இல்லை. ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கே அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து சீட்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரர், அதற்குள் தூங்கிவிட்டார். புளிச்சோற்றுப் பொட்டலம் மடியில் சூடாக இருந்தது. திரையை மூடப் போனேன். அப்போது தனியாக ஒரு மெசேஜ் வந்தது. குரூப்பில் இல்லை, எனக்கு மட்டும். குணா.

"டேய், படத்துல நீ எங்கடா?"

எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை பிறந்தநாள் எடுத்திருப்பேன். இந்தக் கேள்வியை இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

பதில் அடிக்க ஆரம்பித்தேன். போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள்.