நோலா பிரிம் இன்னும் பாடுகிறாரா என்று பார்க்க மெல்பன் போனது

சிட்னியிலிருந்து மெல்பனுக்குப் பகல் ரயிலில் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் அப்படிப் போனது 1977ஆம் ஆண்டு மே மாதத்தில். அந்தத் தகவல்கள் இன்று எவ்வளவு பயன்படும் என்று தெரியவில்லை. போன காரணமும் சற்று விசித்திரமானது. ஒரு பாடகி இன்னும் பாடுகிறாரா என்று தெரிந்துகொள்ளப் போனேன்.

அப்போது நாங்கள் சிட்னியின் ஹோம்புஷில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். என் மனைவி பத்மா யாழ்ப்பாணத்தில் முறையாகச் சங்கீதம் பயின்றவர். வந்த புதிதில் ஒருநாள் காலை பாடியபோது பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். அத்துடன் பாட்டு நின்றது. அதை மறுபடி தொடக்கிவைத்தவர் நோலா பிரிம். குயின்ஸ்லாந்து மாட்டுப் பண்ணையொன்றில் வளர்ந்து, மேற்குச் சிட்னியின் கிளப்புகளில் கிற்றாருடன் ‘கன்ட்ரி’ பாட்டுகள் பாடிப் பெயர் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் அவர் குரல் வந்தால், பத்மா சுருதிப்பெட்டியை எடுத்து, அவர் எத்தனை கட்டைச் சுருதியில் பாடுகிறார் என்று பிடித்துக் கூடவே பாடுவார்.

பிறகு நோலா ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடிக்க மெல்பனுக்குப் போய்விட்டார். புதுப் பாட்டு எதுவும் வரவில்லை.

“அவவே பாட்டை விட்டிட்டா. எனக்கு இது என்னத்துக்கு?” என்று பத்மா சுருதிப்பெட்டியைக் கொழும்பில் இருந்த தங்கைக்கு அனுப்பவென்று ஒரு பழைய சேலையில் சுற்றிவைத்தார். அந்த வாரம்தான், நோலா மெல்பனின் கார்ல்டன் பகுதியில் ஒரு மேடை நாடகத்தில் நடிக்கிறார் என்று பத்திரிகையில் கண்டேன். பத்மாவுக்கு வைத்தியசாலையில் வேலை. “நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ. பிறகு அனுப்புறதை யோசிப்பம்” என்றார்.

தூரம் ஏறக்குறைய 960 கிலோமீட்டர். காலை எட்டு மணியளவில் சிட்னி சென்ட்ரலில் ஏறினால், இரவு ஒன்பதளவில் மெல்பனின் ஸ்பென்சர் தெரு நிலையம். கட்டணம் நினைவில்லை. காலையில் வெயில் இடப்பக்கம், பிற்பகலில் வலப்பக்கம். நான் இரண்டு தடவை இடம் மாறி, இரண்டு தடவையும் வெயிலிலேயே உட்கார்ந்தேன்.

என்னைக் கூட்டிப்போக, மெல்பனில் இருந்த ஊர் நண்பன் குணம் அந்த நிலையத்துக்கு வந்திருந்தான்.

“அண்ணை, பாட்டுக்காரியைப் பாக்க அறுநூறு மைலோ? அக்காவுக்குத் தெரியுமோ?”

“அவதான் அனுப்பினவ.”

“அப்ப விசயம் பெரிசுதான்.”

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு ஸ்வான்ஸ்டன் தெருவில் டிராம் ஏறினோம். அரங்கம் சிறியது. எங்களுக்கு இரண்டாவது வரிசை. நோலா ஒரு மதுக்கடைக்காரியாக வந்தார். அந்தக் கடைக்காரியும் முன்பு பாடியவளாம், இப்போது விட்டுவிட்டாளாம். சுவரில் ஒரு கிற்றார் தொங்கியது. இடைவேளை வரை ஒருவரும் அதைத் தொடவில்லை. நாடகத்தில் பாட்டை விட்டவர் யார், வெளியில் விட்டவர் யார் என்று எனக்குக் குழம்பிவிட்டது.

நம்முடைய கச்சேரிகளில் விரும்பிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது வழக்கம். வித்துவான் பார்ப்பார், மனம் இருந்தால் பாடுவார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வற்றிப்போன ஆற்றைக் குதிரையில் கடக்கும் பெண்ணைப் பற்றிய நோலாவின் பழைய பாட்டு, பத்மாவுக்குப் பிடித்தது. அதன் பெயரை எழுதி மடித்து, இரண்டாம் பாதி தொடங்கியதும் முன்னால் இருந்த கனவானிடம் நீட்டினேன்.

“அண்ணை, இது கச்சேரி இல்லை” என்று குணம் என் கையைப் பிடிப்பதற்குள் கனவான் வாங்கிவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் அதை மேடை விளிம்பில் வைத்தார். மேசை துடைத்துக்கொண்டிருந்த நோலா குனிந்து எடுத்தார், பிரித்தார், படித்தார், ஏப்ரன் பைக்குள் போட்டார். சபை சிரித்தது. நான் கதிரையில் தாழ்ந்துபோனேன்.

சிறிது நேரம் கழித்து அவர் கிற்றாரை இறக்கினார். அந்தப் பாட்டைத்தான் பாடினார்.

“அது நாடகத்திலயே இருக்கும், அண்ணை. நீங்கள் குடுக்காட்டிலும் பாடியிருப்பா” என்றான் குணம், வெளியே வந்ததும்.

“அப்ப ஏன் எங்கட பக்கம் பாத்தவ?”

“எங்கட பக்கத்திலதானே சனம் இருக்கு.”

நடிகர்கள் வெளியேறும் பக்கக் கதவருகே நின்றேன். இன்னும் பாடுகிறாரா என்று கேட்டுவிட, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தேன். கையில் கடைப்பையுடன் நோலா வந்தார். நான் ஒதுங்கி நின்றேன். “நன்றி” என்று புன்னகைத்துவிட்டுப் போனார். வழிவிட்டதற்கா, சீட்டுக்கா? தெரியவில்லை.

ஞாயிறு இரவு வீடு திரும்பினேன். பத்மா கதவைத் திறந்ததும் கேட்டார்: “பாடினவவோ?”

“ஓம், பாடினவ. ஆனால் நாடகத்துக்காகவோ, நான் சீட்டுக் குடுத்ததாலயோ தெரியேல்லை.”

“அதை விடுங்கோ. எத்தனை கட்டையிலை பாடினவ?”

“கவனிக்கேல்லை.”

“அதைக் கேக்காமல் என்னத்தைக் கேட்டனீங்கள்? நடிக்கப் போய்க் குரல் இறங்கியிட்டுதோ எண்டுதானே அறிய வேணும்?”

சேலையை அவிழ்த்துச் சுருதிப்பெட்டியை எடுத்தார். முதல் அடியைப் பாடிக் காட்டினார். “இதுவோ?”

“இருக்கலாம்.”

சுருதியைக் குறைத்து மறுபடி பாடினார். “இல்லாட்டி, இதுவோ?”

எனக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரியவில்லை. “இன்னொருக்காப் பாடும்” என்றேன்.

வாசகருக்கு: பகல் ரயிலில் தாராளமாகப் போங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் நல்லது. மெல்பனில் நாடகம் பார்த்தால் சீட்டு அனுப்பலாமா என்று கேட்டால், அனுப்பவே கூடாது என்று குணம் சொல்வான். நான் ஒன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். நோலா அன்று பாடியது எத்தனை கட்டை என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. பத்மா சிலவேளை குசினியில் அடுப்பை விட்டு வந்து, “இதுவோ?” என்று பாடிக் காட்டுகிறார். இருக்கலாம் என்கிறேன்.