தாடையில் வைத்த கை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே செலுத்தி மடித்தெடுப்பது அவள் வேலை. பதினொரு வருடம். ஆவியில் முகம் வெந்தாலும் வாய் திறக்காதவள் என்று பேர் எடுத்திருந்தாள். அந்தப் பேர் ஒரு புதன்கிழமை காற்றோடு போனது.

மகளுக்கு எட்டு வயது. ஆட்டிசம் உண்டு. பம்பரமாய்ச் சுற்றுவாள், தலை சுற்றுகிறது என்று சொன்னதே இல்லை. ஆனால் நாலு படி இறங்கச் சொன்னால் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நடுங்குவாள். படித்தால் வரி தாவிவிடும். வகுப்பு டீச்சர் இதற்கெல்லாம் வைத்த ஒரே பேர், திமிர். "என் கண்ணைப் பாத்துப் பேசு" என்று தாடையைப் பிடித்து நிமிர்த்துவார். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, வீட்டில் இவளும் அதையே செய்தாள்.

மருத்துவமனை மேல்மாடியில் உடலின் சமநிலை பரிசோதிக்கும் அறை. விரிப்பு கொடுக்கப் போனவளிடம் பேச்சுவாக்கில் விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா, பிள்ளையை அழைத்துவரச் சொன்னார். இருட்டறையில் சுழலும் நாற்காலி, கண்ணில் கேமரா வைத்த கண்ணாடி. நாற்காலி நின்ற பிறகும் திரையில் மகளின் கருவிழிகள் வெகுநேரம் துடித்தன.

"தலை அசையும்போது பார்வையை நிலையா வச்சிருக்கிறது, காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பும் கண்ணும் சேந்து செய்ற வேலைம்மா. இவளுக்கு அது வேற மாதிரி நடக்குது. ஆட்டிசம் இருக்கிற சில பிள்ளைங்ககிட்ட இப்படிப் பாக்கிறோம், எல்லார்கிட்டயும் இல்ல. எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா திமிர்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

அவளுக்கு நெஞ்சு பற்றியெரிந்தது. டீச்சர் மேல் பாதி, தன் விரல்கள் மேல் மீதி.

மறுநாள், அந்தப் புதன்கிழமை, வேலை உடுப்போடே பள்ளிக்குப் போனாள். டாக்டரம்மா எழுதித் தந்த அறிக்கையை டீச்சர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பேப்பர்ல ஆயிரம் எழுதுவாங்க. கண்டிச்சாத்தான் வழிக்கு வருவா."

"மூணு வருஷமா கண்டிச்சேன், நீங்க சொன்னீங்கன்னு. அவ பயந்ததுதான் மிச்சம். இனிமே அவ மேல கை வச்சீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"சத்தம் போடாதீங்க."

"இன்னும் போடவே இல்லியே."

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். எழுதித் தராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மதிய மணி அடித்தது. அவர் தன் சாப்பாட்டுப் பையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். வரிக்குக் கீழே அளவுகோல் வைத்துப் படிக்கலாம். படியில் அவசரப்படுத்தக் கூடாது. கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.

டீச்சர் மன்னிப்புக் கேட்கவில்லை. இவள்தான் கேட்டாள், மகளிடம்.

"அம்மா உன் தாடையைப் பிடிச்சு நிமித்துனது தப்புடா கண்ணு."

மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். நிமிராமல் "சரி" என்றாள்.

வருடம் ஒன்றாகிறது. மகளின் வாசிப்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. அம்மாவின் கோபம் மட்டும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள அவள் முயலவும் இல்லை.