சைரன் அக்காவின் ஸ்பானிஷ்

கூண்டுகளைக் கழுவிக்கொண்டே உள்ளே இருப்பவர்களை ஒரு பிடி பிடிப்பது சைரன் அக்காவின் வழக்கம். “நேத்து போட்ட கட்டைக் கடிச்சுத் துப்பியாச்சா? உங்கப்பனா வந்து கட்டுவான்?” என்று என் பூனையிடம் கேட்டால், தெருமுனையில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். கால்நடை மருத்துவமனையில் துப்புரவு வேலை. சொந்தப் பெயர் ஏதோ இருக்கிறது. சைரன் என்றால்தான் திரும்புகிறார். அங்கே சேர்த்திருந்த பூனையைப் பார்க்கப் போய்ப் போய் நான் அவருடைய ரசிகனாகிவிட்டேன்.

போன வாரம் கடைசிக் கூண்டுக்கு ஒரு கிழட்டு நாய் வந்தது. அதை வளர்த்த ஸ்பெயின்காரக் கிழவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் தேறி வரும்வரை இங்கே. சுவரைப் பார்த்துப் படுத்த நாய், வைத்த சாப்பாட்டைத் தொடவே இல்லை. நாளைக்கும் தின்னாவிட்டால் மூக்கில் குழாய்தான் என்றார் டாக்டர். இந்த வயதில் தாங்குமா என்று அக்கா கேட்டபோது அவர் சீட்டில் குழாயின் அளவை எழுதிக்கொண்டிருந்தார்.

நாயைக் கொண்டுவந்து விட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணை அக்கா போனில் பிடித்தார். நாய்க்குப் பெயரே கிடையாதாம். கிழவருக்கு அது எப்போதும் ‘பெர்ரீத்தோ’, ஸ்பானிஷில் நாய்க்குட்டி. அக்கா வீட்டில் கணவரைப் பார்த்தே சொல்லிப் பழகியிருக்கிறார். “என்னமோ கொஞ்சுறேன்னு நினைச்சுட்டு மனுஷன் டீ போட்டுக் குடுத்தாரு.”

மறுநாள் கூண்டின் முன் நின்று, “பெர்ரீத்தோ!” என்று ஒரு சத்தம் போட்டார். மற்ற கூண்டுகளெல்லாம் எழுந்து குரைத்தன. இது மட்டும் இன்னும் உள்ளே ஒடுங்கியது. அக்காவின் முகம் சுண்டிப்போனது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கஷ்டமாக இருந்தது.

மறுபடியும் போன். கிழவர் அந்தச் சொல்லைச் சத்தம்போட்டுச் சொன்னதே இல்லையாம். பக்கத்தில் உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி முணுமுணுப்பாராம்.

“அவ்ளோ மெதுவா எனக்குப் பேச வருமா?” என்று என்னைக் கேட்டார். அதுவே வாசல்வரை கேட்டது.

கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி உதட்டை அசைத்தார். அருகிலிருந்த எனக்கே பாதிதான் காதில் விழுந்தது. விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நாயின் ஒரு காது திரும்பியது, பிறகு தலை. முன்னங்காலை ஊன்றி எழுந்து வந்து, தட்டை முகர்ந்து, ஒரு வாய் தின்றது.

குழாயோடு உள்ளே வந்த டாக்டர், “என்னக்கா, சாப்பிடுதா...” என்று ஆரம்பித்தார்.

சைரன் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல், உதட்டில் விரலை வைத்தார்.