சம்பந்திக்குக் கொடுத்த பல்குச்சி

பிளாக்பள்ளி சந்தையில் மதலைமுத்து என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பல்குச்சிக்காரர் என்றால் தெரியும். அல்சூர் ஏரிக்கரைப் புங்க மரங்களில் சாயங்காலம் குச்சி ஒடிப்பார். கட்டாகக் கட்டி ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார். விடிந்ததும் சந்தை வாசலில் கடை. ஜட்காக்காரன் முதல் துரை வீட்டு பட்லர் வரை அவரிடம்தான் வாங்குவார்கள். கணு இருந்தாலோ கோணல் இருந்தாலோ தூர எறிந்துவிடுவார். வாயில் வைக்கிற பொருளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்பார். பொண்டாட்டி செத்த பிறகு மகள் அல்போன்சாவை இந்தக் குச்சியை விற்றேதான் ஆளாக்கினார்.

அவளுக்குத் தங்கவயலிலிருந்து சம்பந்தம் வந்தது. பையனின் அப்பா சவரியப்பன் சுரங்க மேஸ்திரி. பூமிக்குள்ளே இறங்கி நூறு ஆளை மேய்க்கிறவர். தை மாதத்தில் ஒருநாள் ரயிலேறி வந்தார், பெண்ணைப் பார்த்தார், கறிச்சோறு தின்றார், பதிலைக் காலையில் சொல்கிறேன் என்று படுத்துவிட்டார். நாற்பது நாள் நோன்பிருக்கிற தவசுக்காலம் பிறந்துவிட்டால் மாதா கோயிலில் கல்யாணம் கிடையாது. குச்சிக்காரன் மகளா என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் தாங்காது.

விடியற்காலையில் விரல் மரத்துப்போகிற குளிர். மதலைமுத்து புதுக் கட்டைப் பிரித்து, தேடித் தேடி ஒன்றை எடுத்தார். கணு இல்லை, கோணல் இல்லை, நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. இத்தனை நல்ல குச்சி கிடைப்பதே அபூர்வம். ஒரு சொம்பு வெந்நீரோடு அதைச் சம்பந்தியிடம் நீட்டினார். அவர் வெந்நீரில் கொப்பளித்துவிட்டு, குச்சியைக் கடைவாயில் வைத்தார்.

வாய்ச்சூடு பட்டதும் குச்சி கால் விரித்தது. ஒரு கால் போய் அவர் மூக்கைப் பிடித்தது.

சவரியப்பன் துப்பிய துப்பில் அது சுவரோரம் விழுந்தது. விழுந்தது எழுந்து, காற்றில் ஆடுகிற கொப்பு மாதிரி ஆடி ஆடி நடந்தது. மதலைமுத்து மிச்சக் கட்டைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாக எத்தனை பேர் வாய்க்குள் இந்த மாதிரி போயிருக்குமோ?

அல்போன்சாதான் முதலில் வாயைத் திறந்தாள். "மாமா, மீசையில அதோட கால் ஒண்ணு தொங்குது."

அவர் தட்டிவிட்டார். தரையில் விழுந்தும் அந்தக் கால் துடித்தது. சூனியக்கார வீட்டில் பெண் எடுக்க வந்தேனே என்று பையைத் தூக்கினார். அது வெறும் குச்சிப்பூச்சிதான், மரத்தில் குச்சி மாதிரியே இருக்கும், ஒண்ணும் செய்யாது என்று மதலைமுத்து மன்றாடினார்.

"பூச்சியா? உன் வாயில வையி, பாப்போம். வச்சா கல்யாணம். இல்லன்னா மொத ரயிலுக்கே கெளம்பறேன்."

மதலைமுத்து மகளைப் பார்த்தார். குனிந்து அதை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு பல்லுக்கு நடுவில் வைத்தார்.

பிடிபட்ட பயத்தில் அது முன்னங்கால் இரண்டையும் தலையோடு ஒட்டி நீட்டி விறைத்துவிட்டது. சவரியப்பன் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். குச்சி. எப்படிப் பார்த்தாலும் குச்சி. நடந்து போனதை இவன் திரும்பக் குச்சியாக்கிவிட்டானே என்று அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பை கையிலிருந்து நழுவியது. அப்படியே உட்கார்ந்து, சொம்பில் மிச்சமிருந்த வெந்நீரைக் குடித்தார்.

"தவசுக்காலத்துக்கு முன்னாடியே வச்சுக்கலாம் சம்மந்தி," என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு. எம் பையனுக்கு உங்க குச்சி வேணாம். அடுப்புக்கரி போதும்."

மதலைமுத்துவின் உதட்டோரம் அது மறுபடி கால் விரித்துக்கொண்டிருந்தது. சம்பந்தி பார்த்துவிடாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார்.